பாலிஷ் மெஷின் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது குறைந்த வேகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தக் காரைத் தாமே பாலிஷ் போட நினைப்பவர்களும், வாட்டர் வாஷோடு டீடெய்லிங்கையும் (பெயின்ட்டைச் சுத்தம் செய்து பளபளப்பாக்கும் வேலை) சேர்த்துச் சின்ன முதலீட்டில் தொழில் தொடங்கும் இளைஞர்களும் முதலில் வாங்குவது விலை குறைந்த ரோட்டரி பாலிஷர், அதாவது பேட் எனப்படும் மெத்தை வட்டைச் சுழற்றித் தேய்க்கும் மெஷின். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பவை இரண்டு எண்கள்: எத்தனை வாட், நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை சுற்று. வாங்குகிறவரும் அவற்றைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார். பெயின்ட் பிழைப்பதும் கருகுவதும் பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும், சில சமயம் இல்லவே இல்லாத, இன்னொரு எண்ணில் இருக்கிறது. மெஷின் எவ்வளவு மெதுவாகச் சுற்றும்? அழுத்தம் கொடுத்தாலும் அதே வேகத்தில் நிற்குமா? இந்த இரண்டையும் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம் என்று வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

எதன் மேல் வேலை செய்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கம்பெனியிலிருந்து வரும் காரில் தகட்டின் மேல் பிரைமர், கலர், கிளியர் கோட் (மேலே உள்ள நிறமற்ற படலம்) மூன்றும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் இருக்கும். நாம் எழுதும் ஏ4 தாள் ஒன்றின் கனமே சுமார் 100 மைக்ரான். பாலிஷ் வேலை முழுவதும் நடக்கிற கிளியர் கோட் மட்டும் என்று பார்த்தால் 35 முதல் 50 மைக்ரான்தான், அதாவது அரைத் தாள். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அந்தப் படலத்திலேயே கலந்திருக்கிறது. காம்பவுண்ட் (தேய்க்கும் பசை, பட்டறையில் ‘மருந்து’) வைத்து ஒருமுறை நன்றாகக் கட்டிங் எடுத்தால், அதாவது கீறல் போகத் தேய்த்தால், 2, 3 மைக்ரான் போய்விடும். கவனமாகச் செய்தால் காரின் ஆயுளில் சில தடவை தாங்கும். வேகமும் சூடும் கட்டுப்பாட்டில் இல்லையென்றால், ஒரே இடத்தில் சில விநாடிகள் நின்றாலே கலர் வரை இறங்கிவிடும். அதற்குப் பிறகு பாலிஷால் ஆவது ஒன்றுமில்லை; அந்தப் பேனலுக்கு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

ரோட்டரியில் ஸ்பிண்டில் (பேடைச் சுழற்றும் தண்டு) நேராக ஒரே அச்சில் சுற்றுகிறது. மோட்டார் கொடுக்கும் விசை முழுவதும் பேடுக்குப் போகிறது. 6 அங்குல பேட் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 85 கிலோமீட்டர் வேகத்தில் பெயின்ட்டைத் தேய்க்கிறது. 600 சுற்றில் அதே விளிம்பு சுமார் 17 கிலோமீட்டர். பேடின் நடு மையத்தில் வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம். கை கொஞ்சம் சாய்ந்து விளிம்பு மட்டும் பட்டால் ஏன் கடிக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். கற்றுக்கொள்பவருக்குத் தேவையான வேகம் 600 முதல் 1,500 சுற்று வரை. கம்பளி பேட் வைத்தால் 1,800. அதற்கு மேல் 3,000, 3,500 என்று பெட்டியில் போட்டிருப்பதற்குக் காசு கொடுப்பதில் பயன் இல்லை. குறைந்த வேகமே 1,000 என்று தொடங்கும் மெஷின் மலிவாக இருந்தாலும் வேண்டாம். மருந்தைப் பரப்புவதற்கும், கடைசி ஃபினிஷிங்குக்கும், கண்ணாடியைச் சுற்றியுள்ள குறுகலான இடங்களுக்கும் 600 கட்டாயம் வேண்டும்.

இதைவிட மோசமானது, 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் வெல்க்ரோ தட்டைப் (பேடை ஒட்டும் வட்டு) பொருத்தி ‘பாலிஷ் செட்’ என்று விற்பது. அந்த கிரைண்டர் இரும்பு அறுக்கச் செய்தது. ஓடுவது 11,000 சுற்றுக்குப் பக்கத்தில். 4 அங்குல பேடாக இருந்தாலும் விளிம்பு வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அந்த வேகத்துக்குச் செய்யப்படாத ஸ்பாஞ்ச் பேட் பிய்ந்து முகத்தில் அடிக்கவும் வாய்ப்பு உண்டு. வேகத்தைக் குறைக்க வெளியே ஒரு டிம்மர் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். டிம்மர் குறைப்பது மின்அழுத்தத்தை. கார்பன் பிரஷ் மோட்டாரில் அதோடு இழுவையும் குறையும். பேடை வைத்து அழுத்தியதும் சுற்று விழுந்துவிடும். தூக்கியதும் சீறி ஏறும். மெதுவாகச் சுற்றும்போது உள்ளே இருக்கும் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும் என்பதால் காயில் (மோட்டாரின் கம்பிச் சுருள்) சூடாகிப் புகையும். கிரைண்டரை அதன் வேலைக்கே விட்டுவிடுங்கள்.

நல்ல பாலிஷரில் சுற்றை உள்ளேயே அளந்து, சுமை கூடும்போது மின்சாரத்தைக் கூட்டி வேகம் குறையாமல் வைத்திருக்கும் எலக்ட்ரானிக் ஏற்பாடு இருக்கும். இது இருக்கிறதா என்பதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். பேடை மாட்டி, ஆறு நிலை டயலை 1-இல் வைத்து ஓட விடுங்கள். மேசை மேல் மடித்த தடித்த துணியில் பேடைப் படுக்கையாக வைத்து மெல்ல அழுத்துங்கள். சத்தம் ஒரு கணம் தாழ்ந்து உடனே பழைய நிலைக்கு வந்தால் நல்லது. தாழ்ந்தது தாழ்ந்தபடியே முனகினால் அந்த ஏற்பாடு இல்லை. அடுத்து, சுவிட்சைப் போட்டதும் மெஷின் கையை முறுக்கிக்கொண்டு எழும்புகிறதா, படிப்படியாக வேகம் எடுக்கிறதா என்று பாருங்கள். முறுக்கி எழும்பும் மெஷின் பேடில் உள்ள காம்பவுண்டைக் கண்ணாடி, டயர், சட்டை எல்லாவற்றிலும் தெளித்துவிடும். ஸ்பிண்டிலை விரலால் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. தட்டை மாட்டி மெதுவாக ஓடவிட்டு, அதன் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை அசையாமல் பிடித்தால், விளிம்பு நெளிகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். தட்டு நேராக இருந்தும் நெளிந்தால் ஸ்பிண்டில் கோணல். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பார்சல் வந்த அன்றே இவ்வளவையும் பார்த்துவிட வேண்டும்; திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபின் பார்த்துப் பலனில்லை.

வாட்டைப் பொறுத்தவரை 1,000 முதல் 1,250 போதும். 230 வோல்ட்டில் 1,200 வாட் மெஷின் 5 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். வீட்டின் 6 ஆம்பியர் பிளக்கே தாங்கும். எக்ஸ்டென்ஷன் வயர்தான் பலரைக் கெடுக்கிறது. மெல்லிய வயரில் மின்அழுத்தம் விழுந்து, மெஷின் சூடாகி, பழி மெஷின் மேல் விழும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையில், கழுவிய காருக்குப் பக்கத்தில் செய்கிற வேலை என்பதால் அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது. மெஷினோடு வரும் வயர் 2 மீட்டர்தான் என்றால் பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடம் பேனட் மேலேயே உரசும். 4 மீட்டர் வயர் வரும் மெஷினைத் தேடுங்கள், வயரைத் தோள் மேல் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். எடை 2 முதல் 3 கிலோவுக்குள் இருக்கட்டும். ஒரு கார் முழுக்க முடிக்கப் பல மணி நேரம் ஆகும் என்பதை மனதில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். கை ஓய்ந்தால் பேட் சாயும்.

ஸ்பிண்டில் மரை எம்14-ஆக (14 மில்லிமீட்டர்) இருக்கட்டும். நம் நாட்டில் கிடைக்கும் பாலிஷர் தட்டுகள் பெரும்பாலும் அந்த மரைக்கே வருகின்றன. 4 அங்குல கிரைண்டரின் மரை எம்10. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த தட்டுகளில் ஐந்தெட்டு அங்குல மரை இருக்கும். அது எம்14 ஸ்பிண்டிலில் ஏறுவதுபோலத் தெரியும், ஆனால் இறுகாது. அப்படி மாட்டி ஓட்டவே கூடாது.

இனி தட்டு. மலிவு செட்டுகளில் மெஷின் சுமாராகவாவது இருக்கும். கூட வரும் தட்டுதான் பெயின்ட்டுக்கு எமன். கல் போன்ற பிளாஸ்டிக்கில், பேடின் அளவுக்கே தட்டும் இருக்கும். 6 அங்குல பேடுக்கு 5 அங்குலத் தட்டு என்பது கணக்கு; சுற்றிலும் அரை அங்குலம் பேட் வெளியே நிற்க வேண்டும். கை சாயும்போது முதலில் படுவது ஸ்பாஞ்சாக இருக்கும், தட்டின் விளிம்பாக இருக்காது. தட்டின் மேல் ரப்பர் போன்ற மெத்தை இருந்து, கட்டை விரலால் அழுத்தினால் வளைய வேண்டும். நாடா கட்டி மாட்டும் கம்பளி உறையைத் தூக்கி எறியுங்கள்; நாடா அவிழ்ந்து சாட்டைபோல் அடிக்கும். பேடை வெல்க்ரோவில் ஒட்டும்போது நடுவில் உட்காருகிறதா என்று ஓரத்தை விரலால் சுற்றி அளந்து பாருங்கள். கால் அங்குலம் விலகினாலும் மெஷின் அதிரும்; அதிர்வதைப் புதியவர்கள் அழுத்தி அடக்கப் பார்ப்பார்கள், அங்கேதான் சூடு ஏறும்.

பேடுகளில் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு கட்டிங் பேடாகவும் இன்னொன்றின் ஆரஞ்சு நடுத்தரமாகவும் இருக்கும். அழுத்தினால் எவ்வளவு கெட்டி என்பதே அளவு. ஒரு காருக்கு நடுத்தர ஸ்பாஞ்ச் 3, மென்மையான ஃபினிஷிங் பேட் 2, கம்பளி 1 போதும். கம்பளி வேகமாக வெட்டும், ஆனால் இழைகளுக்கு நடுவே காற்றோட்டம் இருப்பதால் ஸ்பாஞ்சைவிடக் குறைவாகவே சூடேறும். அதன் குறை, மங்கலான தடத்தை விட்டுச் செல்வது. அடுத்து ஸ்பாஞ்சில் இன்னொரு சுற்று கட்டாயம். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் மெஷினுக்குக் கொடுக்க வேண்டாம். மீதியில் தட்டு, பேடுகள், நடுத்தரக் காம்பவுண்ட் ஒன்று, ஃபினிஷிங் பாலிஷ் ஒன்று, பத்து மைக்ரோஃபைபர் துணி, மாஸ்கிங் டேப், நல்ல எல்இடி விளக்கு எல்லாம் வாங்க வேண்டியிருக்கிறது. உயர்ந்த மெஷினும் ஒரே ஒரு பேடும் வைத்திருப்பவரைவிட, நிதானமான மெஷினும் ஆறு பேடும் வைத்திருப்பவரின் வேலை சுத்தமாக இருக்கும்.

தன் ஒரே காருக்கு மட்டும் வேண்டும், வருடத்துக்கு ஒருமுறைதான் எடுப்பேன் என்பவர்களுக்கு எங்கள் கருத்து வேறு: அவர்கள் டூயல் ஆக்‌ஷன் மெஷின் வாங்கலாம். அதில் பேட் சுற்றிக்கொண்டே அலையும். பெரும்பாலான வகைகளில் மிஞ்சி அழுத்தினால் சுற்றுவது நின்றுவிடும், எளிதில் கருக்காது. ஆனால் மிக மலிவான டூயல் ஆக்‌ஷன் மெஷின்கள் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும், லேசாக அழுத்தினாலே நின்றும் விடும். எதிரெடையும் (அதிர்வைச் சமன்செய்யும் எடை) விலகு அச்சும் (மையம் விலகிய அச்சு) உள்ள பொறி மலிவில் துல்லியமாக அமைவது கடினம். ரோட்டரியில் அந்தப் பாகங்கள் இல்லை. அதே விலைக்கு உருப்படியான மெஷின் கிடைக்கும். பட்டறையில் வேலை செய்யப்போகிறவர்கள் ரோட்டரியைக் கற்றே ஆக வேண்டும். விலை குறைவு என்பதற்காக, கற்காமல் நேராகக் காரில் வைப்பதுதான் தவறு.

கற்க ஒரு பழைய பேனட் போதும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளிலோ ஊர்க் காயலான் கடையிலோ கறுப்பு நிறத்தில் ஒன்று வாங்குங்கள். கறுப்பில் எல்லாத் தடமும் தெரியும். அதில் முதல் வேலையாக ஒரு மூலையை வேண்டுமென்றே கருக்கிப் பாருங்கள். 2,000 சுற்றில் பேடை ஒரே இடத்தில் நிறுத்தி, எத்தனை விநாடியில் வாசனை வருகிறது, எப்போது பேடில் கலர் ஏறுகிறது என்று கவனியுங்கள். பிறகு மடிப்புக் கோட்டின் மேல் அதையே செய்யுங்கள். அங்கே இன்னும் சீக்கிரம் போகும். அடிக்கும்போது பெயின்ட் முனைகளிலிருந்து வழிந்து இறங்குவதால் மடிப்பிலும் ஓரத்திலும் படலம் மெலிந்திருக்கும். பேடின் அழுத்தம் முழுவதும் அந்த ஒற்றைக் கோட்டில் குவியவும் செய்யும். காரில் எல்லா மடிப்புக்கும் டேப் ஒட்டுவது இதற்காகத்தான்.

காரில் தொடங்கும்முன் நன்றாகக் கழுவி, கிளே (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்த்து, சொரசொரப்பு போகும்வரை சுத்தம் செய்ய வேண்டும். போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட கார்களில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அந்த உப்பின் மேல் மெஷினை வைத்தால் உப்பே கீறும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம பங்கு கலந்து துணியில் நனைத்து ஓரிரு நிமிடம் ஒற்றி, கழுவிவிட்டுப் பிறகு பாருங்கள். பள்ளமாக அரித்த புள்ளிக்குத்தான் மெஷின். நகத்தால் வருடினால் தடுக்கும் கீறல் பாலிஷால் போகும் ஆழத்தில் இல்லை. அதைத் துரத்த வேண்டாம். வெயிலில் நின்ற பேனட் 60 டிகிரியைத் தாண்டியிருக்கும், ஆகவே நிழலில் ஆறவிட்டே தொடங்க வேண்டும்.

ஒன்றரை அடிச் சதுரம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பேடில் முதலில் மருந்தைக் கையால் மெல்லியதாகத் தடவி, அதன்மேல் பட்டாணி அளவில் நான்கு சொட்டு. அடுத்த சதுரங்களுக்கு மூன்று போதும். பேடைப் பெயின்ட்டில் வைத்த பிறகுதான் சுவிட்ச். நிறுத்திய பிறகுதான் தூக்குவது. 600-இல் பரப்பி, 1,200-க்கு ஏற்றி, விநாடிக்கு இரண்டு அங்குலம் என்ற நடையில் பாதிக்குப் பாதி மேற்படும்படி குறுக்கும் நெடுக்குமாக நான்கு முதல் ஆறு தடவை. மெஷினின் எடையே அழுத்தம், கையால் கூட்ட வேண்டாம். பேட் ஒரு பக்கம் அழுந்தினால் மெஷின் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடும். அதோடு மல்லுக்கட்டாமல் பேடைப் படுக்கையாக்கினால் தானாக அடங்கும். ஓரத்துக்கு வரும்போது, ஓரத்தைத் தொடும் பேட் பகுதி உள்ளிருந்து வெளியே சுற்றி விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து உள்ளே சுற்றினால் ஓரத்தைச் செதுக்கிவிடும். ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் புறங்கையைப் பேனலில் வையுங்கள். மூன்று விநாடி வைக்க முடியவில்லையென்றால் சூடு மிஞ்சிவிட்டது, ஆறட்டும். பேடில் சேர்ந்த பழைய மருந்தை நைலான் பிரஷால் உதறிவிட்டு அடுத்த சதுரத்துக்குப் போங்கள். காய்ந்த மருந்து உருண்டையாகிப் புதுக் கீறல் போடும்.

பிளாஸ்டிக் பம்பரில் இதே வேகம் ஆகாது. தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் தேக்கிவைக்கும். அங்கே 1,000-ஐத் தாண்டாமல், தடவைகளைப் பாதியாக்குங்கள். டிங்கரிங் செய்து மறுபடி பெயின்ட் அடித்த பேனலும் தனி ரகம். காந்த முறை கனமானியை வைத்தால் 200 மைக்ரானுக்கு மேல் காட்டும், பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) போட்ட இடத்தில் பல நூறு காட்டும். அதைப் பார்த்து ‘கனம் அதிகம், தைரியமாக வெட்டலாம்’ என்று நினைத்துவிடக் கூடாது. கனம் பட்டியில் இருக்கிறது, மேலே உள்ள கிளியர் மெலிந்தே இருக்கலாம். சாயம் பேடில் ஏறினால் இரண்டில் ஒன்று: கிளியர் கோட்டே இல்லாத பழைய வகைப் பெயின்ட், அல்லது கிளியரைத் தாண்டிவிட்டீர்கள். எது என்று தெரிய, கண்ணுக்குப் படாத இடத்தில் வெள்ளைத் துணியில் காம்பவுண்ட் வைத்துக் கையால் தேய்த்து முன்பே பார்த்திருக்க வேண்டும்.

ரோட்டரிக்கே உரிய குறை ஹோலோகிராம் தடம். நிழலில் பளபளக்கும் கார், வெயிலில் நிறுத்தினால் வில் வில்லாகக் கோடு காட்டும். மருந்தில் உள்ள எண்ணெய் அதை அன்றைக்கு மறைத்துவிடும். இரண்டு வாஷில் வெளியே வரும். அதனால் ஒரு பங்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தே வேலை முடிந்ததா என்று சொல்ல முடியும். தடம் இருந்தால் மென்மையான பேட், ஃபினிஷிங் பாலிஷ், 900, 1,000 சுற்று, இன்னும் லேசான கை. இங்கேதான் குறைந்த வேகத்துக்குக் கொடுத்த காசு திரும்பி வருகிறது.

மெஷினைப் பராமரிப்பதில் இரண்டே விஷயம். காய்ந்த மருந்துத் தூள் காற்றுத் துளை வழியாக மோட்டாருக்குள் போகும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் வெறுமனே ஓடவிட்டு ஊதி எடுங்கள். கார்பன் பிரஷ் வெளிமூடியைத் திறந்து மாற்றும்படி இருக்கிறதா, அதே அளவு உள்ளூரில் கிடைக்கிறதா என்று வாங்கும் அன்றே பார்த்து ஒரு ஜோடி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காயில் போனால் ஊரில் உள்ள வைண்டிங் கடையில் கட்டிவிடலாம். வேகக் கட்டுப்பாட்டு போர்டு போனால் அந்தக் கம்பெனியில்தான் கிடைக்கும். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்காமல் வாங்கிய மெஷின் அன்றோடு பழைய இரும்பு.

கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். தோளில் துண்டு, கையில் மோதிரம், கடிகாரம், இடுப்பில் உலோக பக்கிள் எதுவும் வேண்டாம். முதலாவது பேடில் சுற்றும், மற்றவை பெயின்ட்டைக் கீறும்.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்திலோ சுயதொழில் பக்கத்திலோ இந்த விவரங்களை வெளியிட்டால், முதல் மெஷின் வாங்கப்போகிற பலருக்கு உதவும். விற்பனையாளர்களுக்கும் தங்கள் வழியாக ஒரு வேண்டுகோள்: குறைந்தபட்சச் சுற்று, ஸ்பிண்டில் மரை, தட்டின் விட்டம், சுமையில் வேகம் குறையாமல் இருக்கும் வசதி உண்டா இல்லையா ஆகிய நான்கையும் பெட்டியின் முன்பக்கத்தில், வாட்டுக்குப் பக்கத்திலேயே, தமிழில் அச்சிடுங்கள். கிரைண்டரில் பேடை மாட்டி விற்கும் பெட்டியில் ‘காருக்கு அல்ல’ என்று போடுங்கள்.

இப்படிக்கு,
கார் பெயின்ட், டீடெய்லிங் வேலையில் இருப்போர்,
கோயம்புத்தூர்.